நாற்காலிப் பசி

நாற்காலிப் பசிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. காலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டு, ஒரு கொட்டாவி விட்டு, அடுத்த கொட்டாவிக்கு வாயைத் திறக்கும்போதே "அப்பப்பா, என்ன பசி!" என்று வயிற்றைத் தடவுகிறவர்கள். கேட்டால், மூளை வேலையாம். மூளைதான் சோற்றை எரிக்கிறதாம்!

லாயாங் லாயாங் என்ற மலாய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்த ராஜசேகரன் இந்த இனத்துக்கே தலைவர். உடம்பு ரயில் எஞ்சின், சோறு அதற்குக் கரி என்பது அவர் சித்தாந்தம். பெரிய எஞ்சினுக்குக் கரி அதிகம். ஆகவே தொந்தி உள்ளவருக்கு மறுசோறு. பெண்பிள்ளை சின்ன எஞ்சின், கிழவன் ஓய்ந்த எஞ்சின், கொஞ்சம் போதும். வெயில் காலத்தில் சூட்டுக்கே உடம்பு எரியும், அதனால் கூடச் சாப்பிட வேண்டும்; மழைக் காலத்தில் குளிரை விரட்ட எரியும், அதனால் இன்னும் கூடச் சாப்பிட வேண்டும். எரியாத காலம் எது? அதை மட்டும் மனுஷன் சொன்னதே இல்லை.

மகாயுத்தம் முடிந்த மறு வருஷம் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. "யார் உடம்பு எவ்வளவு உழைக்குதோ, அதைப் பார்த்து அளந்து போடு" என்று தோட்டத்தை நடத்தும் துரை கிராணியிடம் சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா! கடும் உழைப்பாளிகளில் முதல் ஆளாகக் கிராணி தம்மையே நிறுத்திக்கொண்டார். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர்ப் பாலுக்குப் பட்டை சீவும், வெள்ளையம்மாவுக்கு அரைப் பங்கு.

"ஐயா, கைப்புள்ளைக்காரி நான். இது பத்தலைங்க. பாலே சுரக்கல, புள்ள ராவெல்லாம் கத்துது."

"நீ என்ன யோசிச்சா மரம் வெட்டுறே? கைதானே வெட்டுது? கைக்கு எதுக்குச் சோறு?"

அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். இன்னொரு வார்த்தை பேசினால் அரைப் பங்கும் போய்விடும் என்ற பயம்.

அந்த வாரமே குளிர்காய்ச்சல் வந்து தோட்டத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி எண்ணியபோது கணக்கு உதைத்தது. "கிராணியும் வெட்டட்டும்" என்றார் துரை. அலமாக், அடக் கடவுளே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உளியும் கையுமாக, வெள்ளையம்மாவுக்குப் பக்கத்து நிரையில் போய் நின்றார் கிராணி. மேடு ஏறினார், பள்ளம் இறங்கினார், மரத்துக்கு மரம் குனிந்தார், கொசுவை அடித்தார், வழுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கொண்டுவந்த பொட்டலம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது.

"இந்தாங்க ஐயா, ஒரு வாய் கஞ்சி குடிங்க" என்று வெள்ளையம்மா தூக்குவாளியை நீட்டினாள்.

பாவம், ஒரு வாய்க்குத்தான் நீட்டினாள். மனுஷன் கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவள் வெறும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாக் கொட்டகையிலே புள்ள காத்துக் கெடக்கும் ஐயா. போய்ப் பால் குடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

கிராணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிஜமாகவே தின்றது.

அடுத்த தடவை அரிசி அளக்கும்போது அவளுக்கு முழுப் பங்கும் போட்டு, மேலே ஒரு படியும் போட்டார். ஆள் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நல்லாயிருக்கே!

"ஏன் போடுறேன் தெரியுமா? ராப்பகலா புள்ளையை நினைச்சுக் கவலைப்படுறே. கவலை மூளை வேலை!"

"சரிங்க ஐயா" என்று அவள் அவசரமாகச் சாக்கை விரித்தாள். அரிசி விழுந்தால் சரி. காரணத்தையா உலையில் போடப் போகிறாள்?

கங்காணி காளியப்பனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "மரம் வெட்டின அன்னிக்கு நீங்களும் பசியில துடிச்சீங்களாமே, கிராணியாரே?"

"துடிக்காம? வழுக்கி விழாம நடக்க எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதைச் சாய்ந்து உட்கார்ந்தபடியே படித்து முடித்திருக்கிறீர்கள், ஒரு விரலைத் தவிர உங்கள் உடம்பில் எதுவும் அசையவில்லை. பிறகு ஏன் ஐயா, கண் அடுப்பங்கரைப் பக்கம் போகிறது?