ஆகட்டும் அண்ணன் கடைக்கு வந்த இலவசம்

காவிரிகூடச் சில வருஷங்களில் எங்கள் ஊருக்கு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. ஆகட்டும் அண்ணன் யாருக்கும் சொன்னதில்லை.

திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று போர்டு மாட்டிய கடை அவருடையது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அவருடைய ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்தவன் நான் என்பதால் எனக்கு அது தெரியும். மற்றபடி ஊர் முழுக்க அவர் ஆகட்டும் அண்ணன்தான். எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ஆகட்டும்” என்பார்.

ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் செய்துவிடுவார் என்று அர்த்தமில்லை. வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் மரியாதை ஆகாது. “அறுவடை முடியட்டும், பார்த்துக்கலாம்” என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு இது தெரியவில்லை. அண்ணன் சொன்னதை டைரியில் எழுதிக்கொண்டு போனவர், அறுவடை முடிந்த மறுநாளே பாலிசி பாரத்தோடு வந்து நின்றார்.

“அறுவடை முடிஞ்சிடுச்சே சார்.”

“முடிஞ்சது குறுவைங்க. நான் சொன்னது சம்பா.”

சம்பா முடிந்து வந்தார். தாளடி நிற்கிறது என்றார் அண்ணன். தாளடி முடிந்து வந்தார். உளுந்து எடுத்துவிடட்டும் என்றார். டெல்டாவில் எந்த மாதத்தில் கேட்டாலும் ஏதாவது ஓர் அறுவடை பாக்கி இருக்கும். ஏஜென்ட் மறுபடியும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனைக்கும் அண்ணனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

இந்தக் குணத்தால் அவர் பட்ட பாடும் உண்டு. ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம். பாயசம் ஊற்ற வருகிறவரை இலைமேல் கையை நீட்டித் தடுக்கக்கூட அவருக்கு மனசு வராது. மூன்றாவது கல்யாணத்தில் மூன்றாவது சாப்பாட்டை முடித்துவிட்டு, மண்டபத்து பெஞ்சில் மூச்சு வாங்கப் படுத்திருந்தார். பெண்ணின் அப்பா அந்தப் பக்கமாக வந்து, “என்னண்ணே, சாப்பிடாம படுத்துட்டீங்க? எழுந்திரிங்க, பந்தி போட்டாச்சு” என்றார். அண்ணன் கண்ணைத் திறக்காமலேயே, “ஆகட்டும்” என்றார். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நான்காவது சாப்பாடு. மறுநாள் கடை திறக்கவில்லை.

நான் அந்தக் கடையில் டைப் அடிக்கிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கூட்டிப் பெருக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும்தான் சேர்ந்தேன். சும்மா இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு கீயாகத் தட்டி, எதை அமுக்கினால் எந்தத் தமிழ் எழுத்து விழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். கீயின் மேல் அச்சிட்டிருக்கும் இங்கிலீஷ் எழுத்தை நான் கவனித்ததில்லை. கவனித்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. என் விரலுக்கு இடம் தெரியும், அவ்வளவுதான். ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற எனக்கு, முகத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு உட்காரும் அந்த வேலை சாமி கொடுத்தது.

கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதக் காலையில் அதன் திரை ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி முளைத்தது. அண்ணன் பி.யு.சி. படித்தவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“தம்பி, கம்ப்யூட்டரை ஓட்டுற சாப்ட்வேர் இருக்குல்ல, அதுல புதுசு வந்திருக்காம். நமக்கு இலவசமாத் தர்றாங்களாம். ஒரு வருஷம் வரைக்கும் எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாமாம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“எங்கேயோ இருக்கிற கம்பெனி. திருக்காட்டுப்பள்ளியில இப்படி ஒரு கடை இருக்குன்னு ஞாபகம் வச்சு கேட்டிருக்காங்க பாருங்க. பெரிய மனசு.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மின்விசிறியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

தஞ்சாவூரிலிருந்து வரும் மெக்கானிக்கிடம் பெருமையோடு அதைக் காட்டினார். மெக்கானிக் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“புதுசு நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா நீங்க வச்சிருக்கிற பழைய தமிழ் டைப்பிங் இதுல ஓடாது. போட்டீங்கன்னா இவரு கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான்.”

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு டைப்பிங்கைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அண்ணனோ கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். பெட்டியில் வேண்டாம் என்பதற்கு என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். ‘பிறகு’ என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவருக்கென்றே செய்த பெட்டி மாதிரி இருந்தது.

அதன்பிறகு தினமும் காலையில் கடையைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, பெட்டியில் ‘பிறகு’ என்ற இடத்தை அமுக்குவார். வெறுமனே அமுக்கமாட்டார்.

“ஆடி மாசங்க. நல்லது ஆரம்பிக்க மாட்டோம்.”

ஆவணியில், “இப்பத்தான் நடவு நடக்குது. ஆளு கிடைக்கல.” ஐப்பசியில், “மழை பாருங்க, எப்படிக் கொட்டுது.” மார்கழியில் பீடை மாதம் என்றார். தை பிறந்ததும் அறுவடை என்றார். பெட்டி கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்தது. கொஞ்சம் பெரிதாக வந்தது.

“பொட்டியே வராமப் பண்ணிடவாண்ணே?” என்று கேட்டார் மெக்கானிக்.

“வீடு தேடி வர்றவங்களை வாசல்ல கட்டையைப் போட்டு நிறுத்துறதா? நல்லா இருக்கே.”

கடைக்கு வருகிறவர்களுக்கும் இதுதான் பேச்சு. எதிர்ச்சாரியில் உரக்கடை வைத்திருப்பவர் இலவசம் எதையும் நம்பாதவர்.

“ஓசியில எவன் கொடுப்பான்? உள்ள புகுந்து எல்லாத்தையும் வேவு பார்ப்பாங்க.”

“நம்மகிட்ட என்னங்க இருக்கு, கல்யாணப் பத்திரிகை. பார்த்துட்டு நேர்ல வந்து ஆசீர்வாதம் பண்ணட்டும்” என்றார் அண்ணன்.

வாத்தியாரம்மா என்று நாங்கள் கூப்பிடும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டார்.

“சும்மா பறக்குதுங்க. ஆனா எங்க வீட்டுக்காரரு விளையாடுற சீட்டாட்டத்தைக் காணோம்னு ரெண்டு நாளா என்கிட்ட பேசல.”

“அப்புறம் கிடைச்சுதாங்கம்மா?”

“கிடைச்சுது. இப்ப சுத்தமாப் பேசறதில்ல.”

பங்குனி போனது, சித்திரை போனது. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை பெட்டி வேறு மாதிரி வந்தது. புதுசைப் போட உங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அண்ணன் மட்டும் சந்தோஷப்பட்டார்.

“நாள் கேக்குறாங்க தம்பி. இனிமே சுலபம். பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு இஷ்டமில்லன்னு எப்படிச் சொல்லுவோம்? ஆகாத நாளாப் பார்த்துக் குடுப்போம். அவங்களே புரிஞ்சுக்குவாங்க.”

நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்து வெகுநேரம் ஆராய்ந்தார். பிறகு ஒரு விரலால் அமுக்கினார்.

“வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. சுத்தமான ராகுகாலம். எந்த மடையனும் அந்த நேரத்துல ஒரு நல்ல காரியத்தை ஆரம்பிக்க மாட்டான். நம்ம வாயால ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, அவங்க மனசும் நோகாது.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. பத்து மாதத்தில் முதல் தடவையாக அன்று இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வாத்தியாரம்மா பள்ளிக்கூடப் பழைய மாணவர் சந்திப்பு நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார். உரக்கடைக்காரர் பட்டா ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் ‘அனைவரும் வருக’ வரைக்கும் அடித்திருந்தேன். மணி ஒன்றரை. திரை நீலமாக மாறி, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“வந்துட்டாங்களே” என்றார். “சரியா வந்துட்டாங்களே.”

திரையில் சதவீதம் ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது போல நாலு பேரும் நின்றோம். “முப்பத்திரண்டு ஆயிடுச்சு” என்றார் உரக்கடைக்காரர். “எரு மாதிரி மெதுவாத்தான் பிடிக்கும் போல.” எழுபதில் அரைமணி நேரம் நின்றது. அண்ணன் மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். ஏற வேண்டும் என்றா, நிற்க வேண்டும் என்றா, எனக்குத் தெரியாது.

கடைசியில் திரை வெளுத்து, பெரிய எழுத்தில் ஏதோ வந்தது.

“வணக்கம் சொல்லுது தம்பி” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, அவரும் கையைக் கூப்பி வணக்கம் சொன்னார். அடுத்து வந்ததையும் படித்தார். “நம்ம ஃபைல் எல்லாம் வச்ச இடத்துல வச்சபடி இருக்காம். எவ்வளவு பொறுப்பு பாருங்க.”

உண்மைதான். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. நோட்டீஸைத் திறந்தேன். ‘அனைவரும் வருக’ அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த வரியை அடிக்க விரலை வைத்தேன். திரையில் இங்கிலீஷ் எழுத்தாக விழுந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் இங்கிலீஷ். பழைய டைப்பிங்கைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அது எழுந்திரிக்கவில்லை.

வாத்தியாரம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். “கவலைப்படாதீங்க. இங்கிலீஷ்ல அம்மான்னு அடிச்சா அதுவே தமிழ்ல மாத்திக் கொடுக்கிற மாதிரி இப்ப வந்திருக்கு. ரொம்ப ஈசி.”

“எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதுங்கம்மா” என்றேன்.

பதினாறு வருஷமாக அந்தக் கடையில் இருந்தேன். அதுவரை அதை நான் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. வாத்தியாரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

உரக்கடைக்காரர்தான் பேசினார். அவரும் கெட்டவர் இல்லை. கடைக்கு ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. “அண்ணே, எங்க கடைக்குப் பின்னாடி வீட்டுல ஒரு பொண்ணு டிகிரி முடிச்சுட்டு இருக்கு. புதுசுல பொரி பொரியற மாதிரி அடிக்கும். நாளைக்கே அனுப்பி வைக்கவா?”

நான் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தேன். அண்ணன் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தலை ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு அந்தப் பெண் வந்து நிற்கும். நின்றுவிட்ட பெண்ணைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது.

சாய்ந்த தலை பாதியில் நின்றது.

“வேண்டாங்க” என்றார் ஆகட்டும் அண்ணன்.

உரக்கடைக்காரருக்குக் கையிலிருந்த பட்டா நழுவிவிட்டது. “என்னண்ணே?”

“வேண்டாம். ஆள் இருக்கு.”

சொன்ன அவருக்கே நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். ஒரு மாதத்துக்குள் என்றால் பழையதற்கே திரும்பிப் போய்விடலாம், அதற்கும் அவர்களே வழி வைத்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொல்ல, அவர் சொன்ன இடமாகப் பார்த்து அண்ணனே அமுக்கிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது.

“ஏன் வேண்டாம்னு காரணம் கேக்குறாங்க” என்றார்.

“ஏதாவது ஒண்ணை அமுக்கிட்டுப் போங்கண்ணே” என்றது போன்.

“அது எப்படிங்க, கொடுத்தவங்க கேக்குறாங்க.”

போனை வைத்துவிட்டு, ஒற்றை விரலால் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். கால் மணி நேரம் எழுதினார். இரண்டு தடவை அழித்து எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியாரம்மா அவர் தோளுக்குப் பின்னால் நின்று, என் காதில் விழும்படி மெதுவாகத் தமிழில் சொன்னார்.

“ஐயா, தாங்கள் கொடுத்தது மிக நன்றாக இருக்கிறது. தங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. எங்கள் கடையில் டைப் அடிக்கிறவருக்கு இதில் அடிக்க வரவில்லை. அவர் இல்லாமல் எனக்குக் கடை இல்லை. மன்னிக்கவும்.”

நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் போடுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதில் பேப்பர் நிறைய இருந்தது.

சாயங்காலத்துக்குள் பழையது திரும்பி வந்துவிட்டது. நோட்டீஸை அன்றே முடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் மெக்கானிக் ஒரு புதுக் கீபோர்டு கொண்டுவந்தார். கீ ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்தே அச்சிட்டிருந்தது. இந்த முறை டைப்பிங் பழையதிலும் ஓடும், புதுசிலும் ஓடும் என்றார். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அதில் பழகினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் படிக்கப் படிக்க நான் அடிப்பேன். இரண்டு மாதத்தில் விரல் அந்த இடங்களையும் கற்றுக்கொண்டது. இலவசத்துக்குக் கெடு முடிய நாலு நாள் இருந்தபோது, நானே அமுக்கி அதை வாங்கிக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் யார் எவரென்று எனக்குத் தெரியாது. சும்மா கொடுத்தார்கள், ஒரு வருஷம் காத்திருந்தார்கள், திருப்பிக் கொடுத்தபோதும் முகம் கோணவில்லை. நன்றாக இருக்கட்டும்.

இதை அந்தப் புதுசில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே அண்ணன் லேமினேஷன் போடுகிறார். என்ன அடிக்கிறீங்க என்று கேட்டார். வாடகை ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நான் இதுவரை ஒரு நன்றி சொன்னதில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இதை நான் அனுப்பப்போகிற வார இதழ் கடைக்கு வந்தால் அவர் ஒரு வரி விடாமல் படிப்பார், எப்படியும் இந்தப் பக்கத்துக்கு வந்து சேருவார். அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் தாமதமாகப் போகலாம் என்றிருக்கிறேன்.