பீங்கான் இசைத்தட்டு

"இத்தினி வருசமா உடையாத சாமான் செய்யத்தான் எனக்கு சம்பளம் குடுக்கறாங்க. நீ உடையறதுக்குன்னே ஒண்ணு கேக்கற. கை வருமாடா எனக்கு?"

"நீ செஞ்சு மட்டும் குடு மாமா. உடைக்கறத நான் பாத்துக்கறேன்."

"தட்டுன்ற. அதுல சோறும் திங்க முடியாதுன்ற. நடுவுல ஓட்ட வேற."

"பாட்டுத் தட்டு மாமா. இசைத்தட்டு."

சூளைக்காரர் பாலகிருஷ்ணன் கையிலிருந்த மண்ணை லுங்கியில் துடைத்துக்கொண்டு பிரவீன்குமாரை ஏற இறங்கப் பார்த்தார். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் மின்சார ஃபியூஸ் கட்டைகள் செய்யும் அந்தப் பீங்கான் கம்பெனியில், கம்ப்யூட்டரில் பில் அடிப்பவன் பிரவீன்குமார். பில் இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் அவன் ராப் பாட்டு செய்வது முதலாளிக்குத் தெரியாது.

ஹிப் ஹாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஃபங்க் என்கிற பழைய அமெரிக்க ஆட்டப்பாட்டு இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பார்கள். பாடகர் வாயை மூடிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனியாகப் பேசுகிற இடம் ஒன்று அதில் இருக்கும். அதை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பச் சுழல விட்டு, அதன் மேல் தங்கள் வார்த்தைகளை வைப்பார்கள். எத்தனை அரிய தட்டிலிருந்து எடுத்தாய் என்பதில்தான் மதிப்பே. பிரவீன்குமாரிடம் ஒரு தட்டும் கிடையாது. அவன் கேட்ட ஃபங்க் எல்லாம் பிரவுசிங் சென்டரில் பாதி இறங்கி நின்றுபோன பாட்டுகள்தான்.

ஆனால் ஆண்டாள் அக்கா இருந்தாள்.

சூளையிலிருந்து வரும் கட்டைகளை ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது ஆண்டாளின் வேலை. நல்லது கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது தொண்டை கட்டியதுபோல் முனகும். அதைக் கூடையில் எறிவாள். அந்தக் கணீருக்கும் கூடையின் 'தொம்'முக்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் இருந்தது. அந்தத் தாமதம் கேட்பவன் தோளைத் தானாக அசைத்தது. பிரவீன்குமார் அதைச் செல்போனில் பிடித்து, சுழல விட்டு, மேலே பேசி, இன்டர்நெட்டில் எல்லாரும் கூடும் ஆர்குட்டில் போட்டான்.

பாண்டிச்சேரி செந்தமிழன் அதைக் கேட்டுவிட்டார். ஆர்குட்டின் ஹிப் ஹாப் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஃபங்க் இசைத்தட்டுகள் நிரம்பிய அலமாரியின் முன் கைகட்டி நிற்கும் படம்தான் அங்கே அவருடைய முகம். அவர் வெளியிடப்போகும் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இடம் இருந்தது. எந்த ரெக்கார்டிலிருந்து எடுத்தது என்று கேட்டார்.

அந்த இடத்துக்காக பிரவீன்குமார் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். 'ஆண்டாள் அக்கா' என்று அடிக்கத்தான் விரல் வரவில்லை. விருத்தாசலம் என்றால் பழைய மலை; அந்த ஊர்ப் பெயரையே இங்கிலீஷில் மாற்றி, 'ஓல்டு மவுண்டன் பேண்டு, அமெரிக்கா' என்று எழுதிவிட்டான். வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும், தட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாட்டு ஆல்பத்தில் என்றும் பதில் வந்தது.

அதனால்தான் பாலகிருஷ்ணன். கறுப்பாக ஒரு தட்டு செய்து, உடைத்து, துண்டுகளைக் காட்டித் துக்கமாக நின்றால் போதும் என்பது திட்டம்.

பாலகிருஷ்ணன் சக்கரத்தில் வட்டம் செய்து, தலை வாரும் சீப்பால் வரி இழுத்து, கறுப்புப் பூச்சுப் பூசிச் சுட்டுக் கொடுத்தார். பிரவீன்குமார் கண்ணை மூடிக்கொண்டு சிமென்டுத் தரையில் போட்டான். அழகாக உடைந்தது. வெளியே கறுப்பு, உள்ளே பால் வெள்ளை.

"சூறத் தேங்கா வுட்ட மாதிரி இருக்குது," என்றார் பாலகிருஷ்ணன்.

அசல் தட்டு உள்ளேயும் கறுப்பாகத்தான் இருக்கும்; இந்தத் துண்டுகளைக் காட்ட முடியாது என்றானது. முழுசாகவே காட்டிவிடலாம் என்று, அளவெல்லாம் எடுத்துக் கொடுத்து இன்னொன்று செய்யச் சொன்னான். அது சூளையிலிருந்து இட்லித் தட்டு அளவுக்குச் சுருங்கி வெளியே வந்தது. சுட்டால் சுருங்கும் என்று தெரியாதா என்று கத்தினான். கொடுத்தது சுட்ட அளவா சுடாத அளவா என்று சொன்னாயா என்று அவர் நிதானமாகக் கேட்டார். மூன்றாவதுக்கு நேரமில்லை. அந்தக் காலத்தில் சின்ன அளவிலும் போட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் சிவப்புக் காகிதம் ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஆபீஸ் சுவரில் மாட்டினான். கனம் தாங்காமல் ஆணி பிடுங்கிக்கொண்டது. பிள்ளையார் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை முதலாளி நெய்வேலிக்குப் போயிருந்தார். செந்தமிழன் தங்கை தென்றலோடு வந்தார். பழமலைநாதர் கோயிலுக்குப் போக வேண்டுமென்று அவளும் கூட வந்தாளாம். அவர் கையில் ரெக்கார்டு பிளேயர் பெட்டி. அதைப் பார்த்ததும் பிரவீன்குமார் தட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

ஊசி பட்டால் தட்டு போய்விடும், உலகத்தில் ஒரே பிரதி என்று கெஞ்சினான். செந்தமிழன் பெட்டியை உடனே கீழே வைத்துவிட்டார். அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

"சரி பிரதர். கையிலயாவது குடுங்க."

சட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கினார். கை ஒருமுறை தாழ்ந்து மேலே வந்தது. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரல் முட்டியால் தட்டினார். தட்டு கணீரென்று பதில் சொன்னது.

அதே நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் ஆண்டாள் வேலையைத் தொடங்கினாள். கணீர், கணீர், கொஞ்சம் தாமதம், தொம். செந்தமிழன் தலை தானாக ஆடியது.

"உங்க பாட்டு இங்க வேல செய்யறவங்க வரைக்கும் போயிருக்குதே பிரதர்." கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "ஆனா அந்தக்காவுக்கு டைமிங் பிசிறுது. ஒரிஜினல்ல அப்படி இல்ல."

பிரவீன்குமாருக்கு எங்கேயோ சுருக்கென்றது. அந்தப் பழைய ஃபங்க் தட்டுகளுக்காக எங்கோ தூர தேசத்தில் ஒருவன் ராத்திரிச் சோற்றை நினைத்தபடி டிரம்ஸ் அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவன் அடியை யார் வெட்டி எடுத்தார்கள், யார் ஆடினார்கள் என்று கடைசிவரை அவனுக்குத் தெரிந்திருக்காது. பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்காக பிரவீன்குமார் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறான். ஆண்டாளின் பெயர் அவனுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தூக்கில் அவள் என்ன குழம்பு கொண்டு வருவாள் என்பதுகூடத் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் ஆல்பம் போய்விடும். திறக்காவிட்டால், தன் சொந்தத் தாளத்தையே தப்பாக அடிக்கிறவளாக ஆண்டாள் ஆகிவிடுவாள்.

"பிரதர், அந்த அக்காதான்..."

"அவங்கள விடுங்க. எத்தன ரெக்கார்டு தொட்ட கை இது. தொட்ட ஒடனே தெரிஞ்சிடும். ஒரிஜினல்." தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவன் தோளில் தட்டினார். "உங்க பாட்டு ஆல்பத்துல இருக்குது."

டீ குடிக்கலாம் வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பிரவீன்குமார் அங்கேயே நின்றான். கொட்டகையில் ஆண்டாள் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதுவரை வாயே திறக்காத தென்றல், தட்டின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தாள். பூச்சு சரியாகப் படாத ஒரு இடத்தில் வெள்ளை தெரிந்தது. பிரவீன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எங்கண்ணன் கையால தொட்ட மொத ரெக்கார்டே இதுதாங்க, எங்க வூட்டு அலமாரியில இருக்கறது எல்லாம் உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் அட்டைங்க... அடுத்த வாரம் மெட்ராஸ்லருந்து ஆளுங்க ரெக்கார்டுங்கள எடுத்துப் பார்க்க வராங்களாம், இதே மாதிரி ஒரு அலமாரி நெறைய செஞ்சு தருவீங்களா?"