தோல் வாரில் ஓடிய நாதஸ்வரம்

பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போகிறவன் காதைக் கொண்டு போக வேண்டும். நான் கண்ணை மட்டும் கொண்டு போனேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் குமாஸ்தா நான். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் தங்கை மல்லிகாவுக்கு நிச்சயதார்த்தம். பெரிய முகூர்த்த நாள், மேளக்காரர் யாரும் கிடைக்கவில்லை. "மேளத்த எங்கிட்ட வுடுங்கப்பா" என்று மார்தட்டினேன். (என்னை யாரும் கேட்கவில்லை.)

நாதஸ்வர ரெக்கார்டு போட்டால் போச்சு என்று வேலூரில் பழைய சாமான் கடைக்குப் போய், இருந்ததிலேயே பளபளப்பான பிளேயர் பெட்டியைக் காட்டினேன். கூட வந்த தோஸ்த் ரபீக், "ஊசி எப்டி இருக்குதுன்னு பாருடா" என்றான்.

"ஊசியா? எங்க வீட்ல ஒரு டப்பா நெறைய இருக்குது." (தையல் ஊசியைச் சொன்னேன்.)

வீட்டில் வைத்தால் ரெக்கார்டு வைக்கும் சுழல்தட்டு சுற்றவில்லை. மோட்டாரையும் சுழல்தட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் தொளதொளத்துப் போயிருந்தது. புதுசு மெட்ராஸில்தான் கிடைக்குமாம். ஆம்பூரில் வேலை பார்ப்பவன் ஒரு பெல்ட்டுக்காக மெட்ராஸ் போவதா? தோலில் மெல்லிய வார் அறுத்து, முனைகளைத் தைத்து மாட்டினேன். சுமாராகப் பாடியது. அது போதாதென்று, விசேஷத்தன்று காலையில் வார் பதமாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன்.

மாப்பிள்ளை வீட்டார் பள்ளிகொண்டாவிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். தாம்பூலத் தட்டுகளை எடுத்தார்கள். நான் ரெக்கார்டில் ஊசியை வைத்தேன். நாதஸ்வரம் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வார் வழுக்க வழுக்க, இழுத்து இழுத்து அழத் தொடங்கியது. தையல் முடிச்சு மோட்டாரைக் கடக்கும்போதெல்லாம் நடுவில் ஒரு விக்கல் வேறு.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாங்க இது, எழவு வூடாட்டம்? எழுந்திருங்க, போலாம்."

"மோட்டார் சூடானா சரியாய்டும்மா" என்று கெஞ்சியபடி நான் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். (பதனிடாத தோலைக்கூட யாரும் அப்படிப் பார்த்ததில்லை.)

மல்லிகா பட்டுப்புடவையோடு வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். ஊசியை நகர்த்திச் சுழல்தட்டைத் தூக்கினாள், வாரை உருவி என் மடியில் எறிந்தாள், சுழல்தட்டையும் ஊசியையும் மறுபடி வைத்து ரெக்கார்டின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றினாள். சிறு வயதிலிருந்தே நூல் சுற்ற ராட்டினம் சுழற்றிய கை. நாதஸ்வரம் அழுகையை நிறுத்தியது.

தலை நிமிராமலே அவள் சொன்னாள்: "சீக்கிரம் தட்ட மாத்துங்க. கை வலிக்குது."

மாப்பிள்ளை குபீரென்று சிரித்துவிட்டார். மகன் சிரிப்பதைப் பார்த்த பிறகு அந்த அம்மாவாலும் ரொம்ப நேரம் முறைக்க முடியவில்லை. தட்டு மாறியது.

இன்றைக்கும் பள்ளிகொண்டாவில் கரண்ட் கம்மியாகி ஃபேன் மெதுவாகச் சுற்றினால், மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்: "மச்சான், எண்ண கிண்ண போட்டியா?"

நான் அந்த ஃபேனைத் தொட்டதே இல்லை. ஆனால் அதை நம்ப அந்த வீட்டில் ஒருவரும் தயாராக இல்லை.