கார்டு கம்பெனியை விற்றார்கள், எனக்குப் பூ வைத்தார்கள்

ஏமாறவே மாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களை ஏமாற்ற வெளியாள் யாரும் தேவையில்லை. அந்த வேலையை அவர்களே சிறப்பாகச் செய்துகொள்வார்கள். நான் அந்த ரகம்.

அப்போது திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் ஹாஸ்டல் வார்டன் ஏதோ ஒரு போனை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்த நாளிலிருந்து, அலுவலகத்தின் காவல் தெய்வமாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். யார் போன் அடித்தாலும், "யாரு, பேங்கா? கட் பண்ணுங்க" என்பேன். (ஒருமுறை பிரின்சிபாலையே கட் பண்ண வைத்தேன். பேசியது அவர் மனைவி.)

என்னிடம் ஒரே ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. எங்கள் வம்சத்திலேயே முதல் கார்டு. பர்ஸைத் திறந்தால் எதிரில் இருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி அதை முன்னால் செருகி வைத்திருப்பேன். அந்தக் கார்டு கம்பெனியைத்தான் ஒருநாள் வேறொரு பேங்குக்கு விற்றுவிட்டார்கள். அரிசி மண்டியை விற்றால் தராசும் மூட்டையும் சேர்ந்து போவதுபோல, வாடிக்கையாளர்களான நாங்களும் கணக்கோடு சேர்ந்து போனோம்.

முறையாகத்தான் சொன்னார்கள். எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் கணக்கு புது பேங்குக்கு மாறுகிறது, லிமிட் அப்படியே இருக்கும், சேர்த்த பாயிண்ட்டுகள் போகாது, பாக்கியும் மாறாது, புதுக் கார்டு கூரியரில் வரும், பழையது இன்ன தேதியோடு நின்றுவிடும், மற்றபடி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று உலகத்தில் எந்த பேங்க் சொல்லியிருக்கிறது? அத்தனையையும் அழித்தேன். பிறகு வந்தவற்றைப் படிக்காமலே அழித்தேன்.

பின்னாலேயே ஒரு பெண் போன் செய்தாள். பாவம், நல்ல குரல்.

"மேடம், உங்க கார்டு கம்பெனிய எங்க பேங்க் வாங்கியிருக்கு. உங்க அக்கவுண்ட் இனிமே எங்ககிட்ட வருது."

"என்னைக் கேக்காம என்னை எப்படி வாங்குவீங்க?"

"கார்டு எடுக்கும்போது நீங்க கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட்லயே அது இருக்கு மேடம்."

"சரி, ஓடிபி கேளுங்க பாக்கலாம்."

"நாங்க ஓடிபி கேக்க மாட்டோம் மேடம்."

கொஞ்சம் யோசித்தேன். ஓடிபி கூடக் கேட்காத திருடி என்றால் எவ்வளவு தேர்ந்த திருடியாக இருக்க வேண்டும்! அவளுக்குப் பத்து நிமிடம் நியாய தர்மம் எடுத்துச் சொல்லி, படித்த பெண் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்டு, நம்பரை பிளாக் செய்தேன். அடுத்த வாரம் கூரியர்க்காரர் கவரோடு வந்தபோது வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் கவரைப் படம் எடுத்து, "ஜாக்கிரதை, இப்போது வீடு வரைக்கும் வருகிறார்கள்" என்று ஆபீஸ் குரூப்பில் போட்டேன். நிறைய கட்டைவிரல்கள் வந்தன.

எங்கள் ஊர் வடமாலபேட்டைப் பக்கம். அங்கே மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அது விற்றவர் வீட்டோடு நின்றுவிடும். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிப் பிடித்துப் போவார். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவள் நான். கை மாறியாகிவிட்டது, புதுக் கயிறும் வாசல் வரை வந்தது, மாடுதான் முட்டி விரட்டிவிட்டது.

இந்தச் சமயத்தில் ராமகுப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் முரளி, சித்தூரில் மெடிக்கல் ரெப். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பெரியவர்கள் அனுமதியோடு போனில் பேசியபோது, "எனக்குப் புழுன்னா பயங்க, வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். புழு வீட்டில் பிறந்து வளர்ந்துவிட்டு இதை முதல் பேச்சிலேயே ஒப்புக்கொண்ட மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இது அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு முன் வந்த வரன்களுக்கு நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

திருமலையில் சந்தித்து, சேர்ந்தே தரிசனம் முடித்து, கீழே திருப்பதியில் ஒரு ஓட்டலில் சாப்பிடுவதாக ஏற்பாடு. இந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். வாய்விட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், "வயிறு சரியில்லம்மா" என்பார்கள், நாம் புரிந்துகொள்ள வேண்டும். கை நனைத்தால் பாதிக் கல்யாணம். ஓட்டலாக இருந்தாலும் இதே கணக்குதான், ஆனால் அங்கே பெண் வீட்டார் பணம் கொடுத்தால்தான் அது பெண் வீட்டுச் சோறு. அவர்கள் சாப்பாட்டுக்கு அவர்களே பணம் கொடுத்தால், பேச்சு முறிந்தது என்றுதான் ஊரில் அர்த்தம்.

முந்தின நாள் என் நைனா கேட்டார். "பணம் எடுத்துகினு வரட்டுமா கண்ணு?"

"வேணாம் நைனா. ஓட்டல்ல எல்லாரும் பாக்க நீ நோட்டு எண்ணிகினு இருந்தா நல்லா இருக்காது. நான் கார்டுல குடுத்துடறேன்."

அவர் தக்காளி போட்டு விற்கிற விவசாயி. சட்டைப் பையில் பணம் இல்லாமல் வெளியூர் போனதே இல்லை. எனக்காக பஸ் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் பக்கம் முரளியும் அவர் அம்மா கனகம்மாவும் மட்டும் வந்தார்கள். முரளியின் அப்பா வரவில்லை. புழு தோலுரிக்கிற கடைசித் தூக்கம் முடிந்து எழுந்து, ராத்திரி பகல் பார்க்காமல் தழை தின்கிற சமயம், ஆள் இல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் நைனா, அம்மா, நான். மலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பதால் பெண்கள் தலையில் வைப்பதில்லை. அதனால் பூ இல்லாத தலைகளோடுதான் இறங்கி வந்தோம். ஓட்டல் வாசலில் கனகம்மா நின்று ஒரு பந்து மல்லிகை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலையில் வைக்கவில்லை. என் அம்மா அதைக் கவனித்தாள், நான் கவனிக்கவில்லை.

உட்கார்ந்ததும் கனகம்மா, "எனக்குக் காப்பி போதும்" என்றார். காப்பியில் கை நனையாது. ஐந்து நிமிடம் என் அம்மாவிடம் மழை, தக்காளி விலை எல்லாம் பேசினார். பிறகு சர்வரை நிமிர்ந்து பார்த்து, "இங்க மீல்ஸ் நல்லா இருக்குமாப்பா?" என்று கேட்டார். மேசைக்கடியில் அம்மா என் காலை மிதித்தாள். இலை வந்தது. பப்பு, நெய், கோங்குரா பச்சடி. கனகம்மா ஐந்து விரலும் நனைய நன்றாகவே பிசைந்து சாப்பிட்டார். நைனா ரசத்துக்குப் பிறகும் இன்னொரு முறை சோறு கேட்டார். அவர் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பில் வந்தது. ஸ்டைலாக இரண்டு விரலில் கார்டை எடுத்து நீட்டினேன். (முரளி பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். பார்த்தார்.) சர்வர் மெஷினில் செருகினார். நம்பரை அழுத்தினேன். மெஷின் யோசித்தது.

"டிக்ளைன் வஸ்தோந்தி மேடம்" என்றார் சர்வர் தெலுங்கில். கார்டு செல்லவில்லையாம்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அதே பதில். எழுந்து பில் கவுண்டருக்கே போனேன். அங்கே இன்னொரு மெஷின், அதிலும் அதே கதி. "உங்க மெஷின்ல ஏதோ ப்ராப்ளம்" என்று நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். கவுண்டரில் இருந்த மேனேஜர் எனக்குப் பின்னால் நின்றவரின் கார்டை வாங்கி அதே மெஷினில் போட்டார். கீச் என்று சத்தம் வந்தது, காகிதம் வந்தது, அவர் போய்விட்டார்.

"வேற கார்டு உந்தா மேடம்?"

வேற கார்டு ஒன்று இருக்கத்தான் இருந்தது. கூரியரில் திரும்பிப்போய் அந்தப் புது பேங்கின் சித்தூர் கிளையில் யாருடைய மேசை இழுப்பறையிலோ கிடந்தது. பழைய கார்டு நிற்கிற தேதி அன்றைக்கு முந்தின நாள். அந்த நல்ல குரல் பெண் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

போனில் ஸ்கேன் பண்ணியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாதக் கடைசி. என் சம்பளக் கணக்கில் இருந்த பணத்துக்கு அந்த ஓட்டலில் அப்பளம்தான் வாங்கலாம். நைனாவிடம் இருந்தது பட்டன் போன்.

கை கழுவிவிட்டு எல்லோரும் கவுண்டர் பக்கம் வந்துவிட்டார்கள். முரளி விஷயம் புரிந்து போனை எடுத்தார். "நான் ஸ்கேன் பண்ணிடறேன்ங்க."

"வேணாம் தம்பி, வேணாம்" என்று நைனா சட்டைப் பைக்குள் கையை விட்டார். பஸ் காசு தவிர அதில் எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விட்ட கையை வெளியே எடுக்கவும் முடியாமல் நின்றார். சம்பந்தம் போனால் போகட்டும், அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"டேய், போன உள்ள வை" என்றார் கனகம்மா.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் அம்மா பக்கம் திரும்பினார்.

"வூட்ல எல்லார்கிட்டயும் பேசிட்டு, நாத்தனாரு ஓர்ப்படி எல்லாரும் இருக்கசொல்ல பூ வைக்கலாம்னு இருந்தேன். இப்ப எம்புள்ள காசு குடுத்தா பேச்சு வேற மாதிரி போயிடும். அதனால மொதல்ல பூ வச்சிடறேன். அப்பறம் இவ எங்க வூட்டுப் பொண்ணு. எங்க பொண்ணுக்கு நாங்க சோறு வாங்கிக் குடுத்தா யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

பையிலிருந்து மல்லிகையை எடுத்தார். பில் கவுண்டரில், பணம் கட்ட நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க, என் தலையில் வைத்தார். மேனேஜர் தலைக்கு மேல் இருந்த பெருமாள் படத்துக்கு முன்னால் குங்குமம் இருந்தது, கேட்டு வாங்கி என் நெற்றியில் இட்டார். இனிப்புக்கு, கவுண்டர் மேல் சோம்போடு வைத்திருந்த கல்கண்டு. மேனேஜருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இலவசமாக ஐந்து பீடா எடுத்து வைத்தார். தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டுமல்லவா, நைனாவும் கனகம்மாவும் பீடா மாற்றிக்கொண்டார்கள். பிறகுதான் கனகம்மா மகனிடம், "இப்ப ஸ்கேன் பண்ணு" என்றார். "சம்மந்தி, நீங்க உக்காருங்க" என்று என் நைனாவுக்கு நாற்காலியைக் காட்டினார். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று பின்னால் சொன்னார்.

திங்கட்கிழமை லீவு போட்டு சித்தூர் கிளைக்குப் போய்ப் புதுக் கார்டைக் கெஞ்சி வாங்கினேன். எஸ்எம்எஸ்ஸில் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. லிமிட் அப்படியே இருந்தது, பாயிண்ட்டுகள் வந்திருந்தன, என் பாக்கியும் ஒரு பைசா குறையாமல் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. மாதாமாதம் தானாகப் போகிற கரண்ட் பில்லுக்கு மட்டும் புதுக் கார்டு நம்பரைக் கொடுக்கச் சொன்னார்கள். வந்திருந்த பாயிண்ட்டுகளுக்கு ஒரு மிக்ஸி கிடைத்தது, அதை அத்தைக்குக் கொடுத்தேன். கனகம்மாவை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன். அந்த போன் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நைனா சாப்பாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ராமகுப்பத்துக்கே போனார். அத்தை வாங்கவில்லை. "எம்மருமவ சோத்துக்கு உங்ககிட்ட காசு வாங்கினா ஊரு சிரிக்கும் சம்மந்தி" என்று அனுப்பிவிட்டார். நிச்சயம், கல்யாணம் எல்லாம் பிறகு முறைப்படி நடந்தது. மாமனாருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தான் புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மகனுக்கு ஓட்டலில் சம்பந்தம் முடித்துவிட்டார்களே என்று எல்லாப் பண்டிகைக்கும் ஒருமுறை சொல்லிக்காட்டுவார்.

என்னை விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். கார்டு வேலை செய்திருந்தால் பில்லைக் கட்டிவிட்டுக் கும்பிடு போட்டுப் பிரிந்திருப்போம். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யார் என்ன சொல்லியிருப்பார்களோ. அத்தையின் நாத்தனாருக்கு வேறொரு பெண் மனதில் இருந்தது என்று கல்யாணமான பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

இப்போது சித்தூரில் குடியிருக்கிறோம். எந்தக் கடையிலாவது மெஷின் கொஞ்சம் சுற்றிக்கொண்டே நின்றால், முரளி என் காதருகே குனிந்து, "பூ வாங்கினு வரட்டுமா?" என்பார். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. வாங்கினு வாங்க என்பேன். போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.