சலாம் சொல்லிக் காத்திருந்த கசெற்

திருகோணமலைத் துறைமுகத்தில் உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து நங்கூரம் போட்டிருக்கின்றன. ஆனால் எங்கள் பற்றரி அண்ணையைப் போல ஒரு விசித்திரத்தை எந்தக் கப்பலும் கொண்டுவந்து இறக்கியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

லிங்கநகரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையில் இரண்டு, காற்சட்டைப் பையில் நாலு என்று எந்நேரமும் பற்றரியோடுதான் நடமாட்டம். அது யுத்த காலம். சோதனைச் சாவடியில் பற்றரியைக் கண்டாலே சந்தேகம், பறித்து வைத்துவிடுவார்கள். இவரோ ஒவ்வொரு பற்றரிக்கும் அரை மணித்தியாலம் வாதாடுவார். ஒன்றைக்கூட விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் அப்போது ஒரு டொக்டர் அம்மாவின் டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுப்பவன். ஒரு நாள் காலையில் இவர் விறுவிறென்று வந்து, கதிரையை இழுத்துப் போட்டு டொக்டர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, குறிஞ்சாக்கேணிக்கு ரேடியோ திருத்தப் போனனான். அங்கயிருந்து உங்களிட்ட வாற சனம் விடியப் புறப்பட்டு, கிண்ணியாத் துறையில படகேறி, ஒவ்வொரு சாவடியிலயும் இறங்கி ஏறி, பொழுதுபடத்தான் வீட்ட போகுதுகள். உங்களோட கதைக்கிறது ரெண்டே ரெண்டு நிமிசம். ஆள் ஏன் வரவேணும்? கதை வந்தாக் காணாதோ?"

"கதை எப்பிடியப்பா தனிய வரும்?"

மேசையில் டக்கென்று ஒரு கசெற்றை வைத்தார். "இதில."

இன்றைக்குக் கைபேசியில் டொக்டரைக் காட்டிவிட்டு அதற்கு ஸ்டார்ட்அப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போங்கள் தம்பிமாரே! பற்றரி அண்ணை அதை ஒரு சைக்கிளையும் ஒரு டேப் ரெக்கோடரையும் வைத்து அந்தக் காலத்திலேயே நடத்திக் காட்டினவர். ஊரூராகப் போய் நோயாளி சொல்வதைப் பதிந்து வருவார், பதிலையும் மருந்தையும் திரும்பக் கொண்டுபோவார். டொக்டர் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஏற்கெனவே தெரிந்த நோயாளி, பழைய வருத்தம் என்றால் மட்டும் கசெற். புது வருத்தம் என்றால் ஆள் வரத்தான் வேண்டும்.

முதல் கசெற்றே சாவடியில் மாட்டிக்கொண்டது. அரைகுறைத் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் போட்டுக் கேட்டார். ஒரு பெரியவர் தன் மலச்சிக்கலை முதல் நாளிலிருந்து ஒன்றும் விடாமல் விவரித்துக்கொண்டிருந்தார். அதை வானொலியில் போட்டிருந்தால் இரு பக்கமும் ஆயுதத்தைக் கீழே வைத்திருக்கும். சிப்பாய் முழுவதையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் முதுகு நோவு. பதி" என்றார். மண்மூட்டையில் சாய்ந்து தூங்க வேண்டாம் என்று டொக்டர் அம்மா அவருக்கும் பதில் அனுப்பினார்.

பெரிய தலையிடி வேறு. எங்கள் பக்கத்துச் சனம் எடுத்த எடுப்பில் வருத்தத்தைச் சொல்லாது. முதலில் சலாம். பிறகு சுகம் விசாரிப்பு. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க வேண்டும், அதுதானே மரியாதை? கசெற்றிடமும் அப்படியே நின்றார்கள்.

"ராத்தா, டொக்டர் இந்தப் பெட்டிக்குள்ள இல்ல! சும்மா இருக்க இருக்கப் பற்றரி போகுது!" என்று பற்றரி அண்ணை அங்குள்ள அக்காமாரிடம் கத்துவாராம்.

"தெரியும் தம்பி. கேட்டுப்போட்டு நிக்காமப் போனா அவ என்ன நினைப்பா?"

டொக்டர் அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. கசெற் சலாம் சொன்னால், "வ அலைக்கும் சலாம். ஓம், சுகமா இருக்கிறன்" என்று பெட்டிக்குப் பதில் சொல்வார். நான் மருந்தறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

பற்றரி அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கடையில் இன்னொரு ரெக்கோடரை வைத்து, மௌனத்தையெல்லாம் நீக்கி, பேச்சை மட்டும் வேறு கசெற்றில் ஏற்றிக் கொண்டுவரத் தொடங்கினார். ஒரு நாள் கரண்ட் இல்லை. கதீஜா ராத்தாவின் கசெற்றை நீக்காமலே கொண்டுவந்து, "அரைவாசியும் சும்மா ஓடும், குறை நினைக்காதீங்கோ" என்று மன்னிப்புக் கேட்டார்.

"டொக்டரம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா இரிக்கிறீங்களா?" என்றது கசெற். பிறகு மௌனம்.

டொக்டர் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். "பொறுங்கோ. திருப்பிப் போடுங்கோ." மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மறுபடி கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இது ஆரின்ர மூச்சு?"

"ராத்தாவின்ர கைப்பிள்ளை, அம்மா. மடியில நித்திரை. தடிமனாம், மூக்கு ஒழுகுதாம்."

"நித்திரையில பிள்ளை இப்பிடி இழுத்து இழுத்து மூச்சு விடாது. எப்ப பதிஞ்சனீங்க?"

"இண்டைக்குக் காலமை."

"சளி நெஞ்சில இறங்கீட்டுது. உடன பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரவேணும். பிந்தினாத் தப்பாது."

பக்கத்துக் கடைக்காரரின் வான் வண்டியில் நானும் பற்றரி அண்ணையும் பறந்தோம். சாவடியில் புதிய சிப்பாய் வழக்கம்போலப் பற்றரியைப் பற்றி விசாரித்தார். அரை மணித்தியாலம் போச்சு என்று நினைத்தேன். பற்றரி அண்ணை எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து அத்தனையையும் மேசையில் கொட்டினார்.

"எல்லாத்தையும் வச்சிருங்கோ மாத்தையா. எனக்கு ஒரு பிள்ளையைக் கொண்டு வரவேணும்."

வாகனங்களையும் ஏற்றும் கிண்ணியாத் துறைப் படகு நிரம்பாமல் கிளம்பாது. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் போகும்போதும் வரும்போதும் எங்கள் ஒரு வானோடு கிளம்பியது. ராத்தா வழி முழுக்க "தடிமன்தானே தம்பி, தடிமன்தானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. 

ஆஸ்பத்திரியில் அனுமதித் துண்டு எழுதுபவர் தலை நிமிராமல் கேட்டார். "பிள்ளைக்கு நீங்க என்ன முறை?"

பற்றரி அண்ணை கொஞ்சம் யோசித்தார். "வாடிக்கைக்காரர்."

"நீங்களோ வாடிக்கைக்காரர்?"

"இல்லை. பிள்ளை."

நான் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் அவர் கடை திறக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலை விட்டு அசையவுமில்லை. மூன்றாம் நாள் காலை டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். "பால் குடிச்சிட்டுது" என்றார்.  ஊரில் அவரைக் கேலி பண்ணிச் சிரித்த முதல் ஆள் நான்தான். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்கோ அண்ணை, முதல்ல ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றேன்.