யூதாசின் தாடியும் தேங்காய் பன்னும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது தெரியவந்து நீங்கள் அதிர்ச்சி அடையக் கூடாது. சாதாரண முட்டாளும் இல்லை. சொந்தக் கடை வாசலில் நின்று "இங்கே எதையும் வாங்காதீர்கள்" என்று பிரசாரம் செய்து, அந்தக் கடை ஆட்களிடமே மாட்டிக்கொண்ட முட்டாள். எம்.பி.ஏ. படித்தவன். (இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்பாள். மற்ற எம்.பி.ஏ.க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவள் கேட்பது என்னைப் பற்றி மட்டும்தான்.)

சென்னையில் ஒரு ஷாம்பு கம்பெனியின் பிராண்டு பிரிவில் இருந்தேன். அந்த ஷாம்பு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். கம்பெனி என்னைக் கழற்றிவிட்ட பிறகு, கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், மாமனார் வீட்டில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினோம்.

மாமனார் லூர்துசாமிக்கு அங்கே ஒரு பேக்கரி உண்டு. பெயர்ப் பலகை கிடையாது. சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள் காலையில் வண்டியை நிறுத்திப் பன் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்குப் பெயர் என்ன என்று கேட்டால் "பன்னு கடை" என்பார்கள். அவ்வளவுதான் பிராண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது.

மாமா அப்போதுதான் சிதம்பரத்தில், மேலவீதியை ஒட்டிய சந்தில், ஒரு கிளை திறந்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவருக்கு வகுப்பெடுத்தேன். பிராண்டு என்பது பலகையில் இல்லை மாமா, வேலை செய்கிறவன் மனசில் இருக்கிறது. அவன் "இது என் கடை" என்று நினைத்தால்தான் வாங்குகிறவனும் "இது என் கடை" என்று நினைப்பான். ஊழியர் பற்று, வாடிக்கையாளர் விசுவாசம், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான் பிராண்டு மேலாண்மை.

மாமா மத்தி மீனின் முள்ளை எடுத்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் ஏறாது மாப்ள. சிதம்பரம் கடைய மூணு மாசம் நீங்க பாருங்க. வேல செய்யற ஆளு நிக்கணும், வாங்கற ஆளும் நிக்கணும். ரெண்டும் நின்னா கடை உங்களுது. நிக்கலன்னா வேற வேல தேடிக்குங்க."

வீட்டோடு மாப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு எங்கே வரப்போகிறது? மறுநாளே கிளம்பிவிட்டேன்.

சிதம்பரம் கடையில் இரண்டு பேர் முக்கியம். கவுன்டரில் வசந்தா அக்கா. அடுப்படியில் மாஸ்டர் சகாயம் அண்ணன், ஓ.டி.யிலிருந்து மாமா அனுப்பி வைத்தவர். வெண்கலக் குரல். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் எங்கள் கோயில் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் ஏதோ பெரிய வேஷம் கட்டுவாராம். (நான் அதை ஒருதடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இந்த அலட்சியத்துக்கு எனக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதைக் கடைசியில் பாருங்கள்.)

முதல் வேலையாகக் கடைக்கு 'லூர்து'ஸ்' என்று பெயர் வைத்தேன். எல்லோருக்கும் பழுப்பு நிறச் சட்டை, தலையில் பன் மாதிரி உப்பலான தொப்பி. சகாயம் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். கழற்றி, அதில் ஈஸ்ட் பாக்கெட்டுகளைப் போட்டு ஆணியில் மாட்டினார். நான் விடவில்லை. தினமும் கடை திறப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தேன். "இந்தப் பன் என் பன். இதைப் பழிப்பவரைத் திருப்தி செய்யாமல் விடமாட்டேன்."

வசந்தா அக்கா வாங்குகிறவர்களுக்கெல்லாம் உடைந்த ரஸ்க்கை ஒரு பிடி கொசுறாகப் போடுவார். அதை நிறுத்தி, அதற்குப் பதிலாக ஒரு விசுவாச அட்டை கொடுத்தேன். ஒவ்வொரு பன்னுக்கும் அதில் முத்திரை குத்தி, அட்டை நிறைந்தால் ஒரு பன் இலவசம். வாசலில் நிற்கும் ஆட்டோ டிரைவர் முருகன்தான் அட்டையை முதலில் வாங்கியவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ரேஷன் கார்டா? பன்னு வாங்க கைரேக வைக்கணுமா?"

"இது விசுவாச அட்டை."

"நான் வர்றதே விசுவாசந்தான் சார். அட்டைய நீங்களே வச்சிக்குங்க, ரஸ்க்க குடுங்க."

இதுவும் போதாதென்று ஒரு கையேடு எழுதி அச்சடித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். (ஸ்டெல்லாவுக்கு எழுதிய காதல் கடிதங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) அதிலிருந்து மூன்று விதிகள் பின்னால் தேவைப்படும். 'குறை சொல்பவரை உட்கார வைத்து, திருப்தியாகும்வரை உபசரிக்கவும். அதுவரை வெளியே விட வேண்டாம்.' 'திருப்தி என்று வாயால் சொன்னால் போதாது, கண்ணில் தெரிய வேண்டும்.' 'போட்டிக் கடைக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். பிடிபட்டால் நிர்வாகத்தைச் சேர்ந்தவன் என்றுகூடச் சொல்வார்கள், நம்ப வேண்டாம்.'

மூன்று மாதம் முடிந்தது. சனிக்கிழமை வந்து பார்ப்பதாக மாமா சொல்லியனுப்பினார். எனக்கு உதறல். ஆள் நிற்கிறது, ஆனால் அது என் பிராண்டுக்காக நிற்கிறதா, வசந்தா அக்கா நான் இல்லாத நேரத்தில் கள்ளத்தனமாகப் போடும் ரஸ்க்குக்காக நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஆதாரம் வேண்டும். சொந்தக் கண்ணால் பார்த்த ஆதாரம். அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. நானே வேஷம் போட்டுப் போய், கடையைப் பழித்து, வாங்க வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு இழுத்துப் பார்ப்பது. அவர்கள் அசையாவிட்டால் பிராண்டு பாஸ், நானும் பாஸ்.

கோயில் சாமான் அறையில் பாஸ்கா பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேதுருவின் தாடியைக் கரப்பான் அரித்திருந்தது. யூதாசின் தாடிதான் முழுசாக, அடர்த்தியாக, நம்பும்படியாக இருந்தது. எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்கூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை காலை, மொத்த வியாபாரி ஒருவரைப் பார்க்க சேத்தியாத்தோப்பு போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் தாடியைப் பசை போட்டு ஒட்டினேன். கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு. கடை வாசலில் போய் நின்று குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டேன்.

"இந்தக் கடையில வாங்காதீங்கப்பா. நேத்து ஒரு பன்னு வாங்கனேன். கல்லு மாதிரி இருந்துது. அடுத்த தெருவுல நல்லா இருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட நகரவில்லை. எனக்குள் தேன் பாய்ந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. இன்னும் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கட்டுமே என்று, "ஈ மொய்க்குது, யாரு திம்பா" என்றேன்.

முருகன் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார்.

"யோவ், எங்க கடைய இன்னாத்துக்கு பேசற? இன்னா ஊரு நீ?"

'எங்க கடை' என்றார். ஊழியர்களிடம் நான் மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கேட்ட சொல், ஆட்டோ டிரைவர் வாயிலிருந்து வந்தது. ஆனந்தத்தில் கண் கலங்கிய அந்த நொடியில் அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

வசந்தா அக்கா கவுன்டரிலிருந்து வெளியே வந்து, கையேட்டில் உள்ளபடி சிரித்தார். "சார், கோவப்படாதீங்க. உள்ள வந்து உக்காருங்க. ஒங்க குறையத் தீத்துதான் அனுப்புவோம்." சகாயம் அண்ணன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பாதி இழுத்து விட்டு, என்னை மைதா டின் மேல் உட்கார வைத்தார்.

முதல் தேங்காய் பன் வந்தது. ஜாம் தடவியிருந்தது. சாப்பிட்டேன்.

"எப்படி சார் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் கெளம்பறேன்."

"சும்மா சொல்றாரு," என்றார் சகாயம் அண்ணன். "வாயால சொன்னா போதாது வசந்தா. கண்ணுல தெரியணும்னு மாப்ள எழுதியிருக்காரு. இவரு கண்ணாடிய வேற போட்டிருக்காரு, எப்படித் தெரியும்? இன்னொன்னு வை."

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். தாடிக்குள் அது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பன்னுக்கும் நடுவில் இருவரும் கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். வெளியே நின்ற கூட்டத்திலும் பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகியிருந்தது, சேர்ந்து சொன்னார்கள். மென்மையான பன்தான், ஆனால் எத்தனை மென்மையைத்தான் ஒரு மனிதன் தாங்குவான்? தொண்டை அடைத்தது. வேறு வழியில்லாமல் வசந்தா அக்காவைக் கிட்டே கூப்பிட்டுக் கிசுகிசுத்தேன்.

"அக்கா, நான்தான். மாப்ள."

அக்கா நிமிர்ந்து நின்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். "இப்படியும் சொல்லுவான்னு எங்க மாப்ள அப்பவே எழுதி வச்சிட்டாருப்பா. என்னா மூளை பாரு அவருக்கு."

"மாப்ளைக்கே போனப் போடு," என்றார் சகாயம் அண்ணன்.

போட்டார்கள். என் சட்டைப் பையிலிருந்து, நானே எழுதி நானே பாடிய கடை விளம்பரப் பாட்டு, 'பஞ்சு போல பன்னு பன்னு' என்று அலறியது.

கூட்டம் என் சட்டைப் பையையே பார்த்தது. பிறகு முருகன் மெதுவாகச் சொன்னார். "பாவி, அவரு போனையும் திருடிட்டான்."

இந்த நிலையில்தான் மாமா வந்து சேர்ந்தார். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, எனக்கு எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். தாடியை, துண்டை, கடைசியாக அவரே கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "மங்கலம்பேட்ட."

"அப்படியா. எங்க மாப்ளையும் அந்த ஊருதான். பழக்கம் உண்டா?"

"உண்டு," என்றேன். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று தோன்றியது. "ரொம்ப அறிவாளி. தங்கமான மனுசன்."

"அப்போ அவ்வளவா பழக்கமில்ல போல," என்றார் மாமா. "வசந்தா, இவருக்கு இன்னொரு பன்னு குடும்மா."

அந்தப் பன்னைக் கடித்து இழுத்தபோதுதான் அது நடந்தது. ஜாமில் ஊறிய தாடி பன்னோடு ஒட்டிக்கொண்டு முகத்திலிருந்து கழன்று வந்துவிட்டது. என் கையில் தாடி வைத்த பன். என் முகத்தில் பசை. முருகன் கூர்ந்து பார்த்துவிட்டு, "அட, அட்ட குடுத்தவரு," என்றார். திருடன் என்று நினைத்தபோது இருந்த கோபத்தைவிட இப்போது கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மாமா தீர்ப்புச் சொன்னார்.

"வேல செய்யறவங்க கடைய விட்டுக் குடுக்கல. வாங்கறவங்களும் விட்டுக் குடுக்கல. விட்டுக் குடுத்த ஒரே ஆளு நீங்கதான் மாப்ள."

கடை எனக்குக் கிடைக்கவில்லை. மாமாவே இன்றும் பார்த்துக்கொள்கிறார். சேத்தியாத்தோப்பில் மொத்த வியாபாரி இருக்கிறார் என்று நான் புளுகியதை மட்டும் அவர் வீணாக்கவில்லை. உண்மையாகவே அங்கே இரண்டு டீக்கடைகளைப் பிடித்துக் கொடுத்து, தினமும் வேனில் பன் கொண்டுபோய்ப் போடும் வேலையை எனக்குத் தந்தார். 'லூர்து'ஸ்' பலகை போன இடம் தெரியவில்லை. ஆனால் சிதம்பரத்தில் இன்று அது 'தாடிக் கடை'. அந்தத் தேங்காய் பன் 'தாடி பன்'. அண்ணாமலை நகரிலிருந்து மாணவர்கள் பைக்கில் வந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். என் தொழில் வாழ்க்கையில் நிலைத்து நின்ற ஒரே பிராண்டு அதுதான். அதையும் பன்னில் முகத்தை ஒட்டித்தான் உருவாக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இன்னும் விடவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று நான் சொன்னால் போதும், ஸ்டெல்லா இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு என் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பாள். "திருப்தி தெரியலயே" என்று இன்னொரு கரண்டி. கிறிஸ்துமஸ் விருந்தில் என்னை மைதா டின் மேல்தான் உட்கார வைக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. என் வேஷம் கச்சிதம், ஆள் தெரியாமல்தான் அப்படிச் செய்தார்கள், அந்தப் பற்றை ஊட்டியது என் கையேடு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சேத்தியாத்தோப்பு ரோட்டில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் பன் ஏற்றும்போது, அதையும் உறுதி செய்துகொள்ளலாமே என்று சகாயம் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு டின் மேல உக்காந்திருந்தது நான்தான்னு தாடி கழலற வரைக்கும் ஒங்களுக்குத் தெரியாதுதானே?"

அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது என் தாடி, மாப்ள."