மருமகள் கலந்தது, மாமனார் கவிழ்த்தது

விதிமுறை தெரிந்தவன் அவமானப்பட மாட்டான் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் நம்பியிருந்தேன். அது தவறு. விதிமுறை தெரிந்தவனும் அவமானப்படுவான். எந்த விதியின் கீழ் என்பது மட்டும் அவனுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எப்போது வேலையில் சேர்ந்தார், யாருடைய தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறது, யாருடைய விடுப்புக் கடிதத்தில் தேதி இல்லை என்றெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பிரிவு அது. ஓய்வு பெற்றதும் பெருமூச்சுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. எங்கள் பகுதி வீட்டு வாசல்களில் ஞாயிறுதோறும் இலவசமாக வந்து விழும் ஒரு வட்டாரப் பத்திரிகையில் உணவு விமர்சனம் எழுத ஆரம்பித்தேன். புனைபெயர் ‘அகப்பை’. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை பொங்கலில் மிளகு எண்ணியவன் நான். (உயர்வு நவிற்சி இல்லை. உண்மையிலேயே எண்ணினேன்.) ஒரு மெஸ்ஸின் சாம்பாரைப் பற்றி, ‘பருப்பு நிலுவையில் உள்ளது’ என்று ஒரே வரியில் எழுதியது திருமுல்லைவாயிலில் கொஞ்ச நாள் பேசப்பட்டது. பேசியது நான் மட்டும்தான் என்பது என் மனைவி சாரதாவின் கட்சி.

இந்தப் புகழ் எங்கே போய் முட்டியது என்றால், ஐயப்பன்தாங்கலைத் தாண்டி நெடுஞ்சாலையில் புதிதாக வந்திருந்த ஒரு நட்சத்திர ஓட்டலின் மேல்தளத்தில். அங்கே உயர்தர உணவகம் ஒன்று திறந்திருந்தார்கள். ஏழு சுற்றுச் சாப்பாடு, கூடவே காக்டெயில்கள், உணவு எழுத்தாளர்களுக்கு மட்டும் ஒரு மதிய விருந்து என்று ‘அகப்பை அவர்களுக்கு’ அழைப்பு வந்தது. அதில் ஒரு சிக்கல். அங்கே காக்டெயில் கலப்பது என் மருமகள் யாழினி.

யாழினி முறைப்படி கேட்டரிங் படித்தவள். எந்தச் சாராயத்தோடு எந்தப் பழம் ஒத்துப்போகும் என்பதில் பெரிய ஞானி. நல்ல ஓட்டல் வேலை ஒன்றை விட்டுவிட்டு, பாரை முழுதாகத் தன் பொறுப்பில் தருகிறார்கள் என்பதற்காக இங்கே வந்திருந்தாள். (உறவினர்களிடம் சாரதா, ‘டிரிங்ஸ் செக்‌ஷன்ல இருக்கா’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அவர்கள் சாத்துக்குடி என்று எடுத்துக்கொள்வார்கள்.) அன்று அவளுக்கு ஆறாவது மாதம், அதாவது தகுதிகாண் பருவத்தின் கடைசி மாதம். இந்த விருந்து முடிந்ததும் அவளையே நிரந்தரமாக்குவதா, பெங்களூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவருவதா என்று முதலாளி தனசேகர் முடிவெடுப்பார்.

உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பை ஒருவன் தொடக் கூடாது. இது எனக்குத் தெரியும். இதே காரணத்துக்காக மூன்று பேருக்கு நானே குறிப்பாணை தட்டச்சு செய்திருக்கிறேன். அழைப்பைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ஏழு சுற்று.

“வாங்க மாமா, ஆனா நீங்க யாருன்னு தெரியவே கூடாது” என்றாள் யாழினி. “தனசேகர் சாருக்கு சிபாரிசுன்னாலே ஆகாது. என்னைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருங்க, போதும்.”

“அது அவருக்குக் கைவந்த கலை. ஆபீஸ்ல ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்துதானே சம்பளம் வாங்கினார்” என்றாள் சாரதா.

ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பயிற்சி நடந்தது. கோப்பையை அடியில் பிடிக்க வேண்டும். முதலில் முகர வேண்டும். முகரும்போது வாயைச் சற்றுத் திறந்துகொள்ள வேண்டும். நாக்கில் வைத்துக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ரோஸ்மில்க்கில் செய்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன். எப்படிக் குடிப்பது என்பதை மட்டும் அவள் சொல்லித்தரவில்லை. அறுபத்தொரு வயது மனிதருக்கு அதைச் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மதுவைச் சுவைக்கப் போகிறவன் வண்டி எடுக்கக் கூடாது என்பதால் பேருந்தில் போனேன். மேசையில் என்னைத் தவிர இரண்டு பேர்: செல்போனில் காணொளி எடுத்துப் போடும் ஒரு தாடிக்காரர், ஓர் ஆங்கில இதழிலிருந்து வந்த அம்மையார். முதலாளி தனசேகர் எங்களோடு உட்காராமல் பக்கத்திலேயே நின்றார். அந்த ஓட்டல் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருந்தாராம். வெள்ளைச் சட்டையும் விலையுயர்ந்த காலணியுமாக இருந்தாலும், வரப்பில் நின்று நடவைப் பார்க்கிறவர் போலத்தான் எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றில் சைக்கிள் சக்கரம் அளவு தட்டு வந்தது. நடுவில் வாழைப்பூ வடையின் ஒரு மூலை. இரண்டாவது சுற்றில் ரசத்தின் நுரை. ரசம் எப்போது வரும் என்று கேட்டேன். இதுதான் சார் ரசம் என்றார் பரிமாறியவர். எங்கள் வீட்டில் அடுப்பில் பொங்கி வழிந்தால் துணி வைத்துத் துடைக்கிற பகுதி அது. இருந்தாலும் ருசியில் குறை சொல்ல முடியவில்லை. பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டேன்.

காக்டெயில்கள் வந்தன. கவுண்டருக்குப் பின்னால் கறுப்பு ஏப்ரனில் யாழினி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் அவளை ‘மேடம்’ என்று இரண்டு முறை அழைத்தேன். (இரண்டாவது முறை கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை. காரியம் எதுவும் இல்லை.) முதலாவது, ஜின்னும் பன்னீரும். நன்றாகவே இருந்தது. ஏழு போடலாம். ஆனால் கலந்தது மருமகள் ஆயிற்றே. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று மூன்றைக் கழித்து நான்கு போட்டு, ‘கல்யாண வாசலில் தெளித்தது போன்ற மணம்’ என்று நோட்டில் எழுதினேன். இரண்டாவது, ரம்மும் கருப்பட்டியும் சுக்கும். அது எட்டு. கழித்தால் ஐந்து. ‘சுக்கு தனக்கு இல்லாத அதிகாரத்தைச் செலுத்துகிறது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு என் நேர்மையை நானே ரசித்தேன்.

மூன்றாவதுதான் அன்றைய முக்கிய உருப்படி. கண்ணாடிக் கூண்டுக்குள் பட்டைப் புகை சுழல, கனமான கோப்பையில் விஸ்கி வந்தது. நடுவில் சாத்துக்குடி அளவுக்கு உருண்டையாக ஒரே ஐஸ். ஒரு கோப்பைதான் வந்தது. இதைப் புகை அடங்குவதற்குள் குடிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு வாய் பாருங்கள், பிறகு தனித்தனியாக வரும் என்று தனசேகர் சொன்னார். தாடிக்காரர் ஒரு வாய் குடித்து அம்மையாரிடம் தந்தார். அம்மையார் ஒரு வாய் குடித்து என்னிடம் தந்தார். விளிம்பில் லிப்ஸ்டிக் தடம் இருந்தது.

எங்கள் பிரிவில் பானை ஒன்று, டம்ளர் ஒன்று, ஆட்கள் இருபத்திரண்டு பேர். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த டம்ளரில் ஓர் உதடு பட்டதில்லை. மூன்றாவது ஆளாக ஒரு கோப்பை கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் கைக்கே தெரியும். அதற்கு மூளையின் ஒப்புதல் தேவையில்லை.

அண்ணாந்தேன்.

கோப்பை மேலே போவதைக் கவுண்டரிலிருந்து யாழினி பார்த்துவிட்டாள். அவள் கண்கள் விரிந்தன. என் லாகவத்தை வியக்கிறாள் என்று நினைத்தேன். சாய்த்தேன்; இரண்டு சொட்டுதான் வந்தது. ஐஸ் உருண்டை வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அரசு ஊழியன் தடையைக் கண்டால் சும்மா விடுவானா? இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

உருண்டை நேராக என் மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே இறங்கியது. மூக்குக்கண்ணாடி கழன்று நுரை ரசத்தட்டில் விழுந்தது. உருண்டை மேசையில் ஒரு முறை குதித்து, தரையில் ஓடி, தனசேகரின் காலணியில் முட்டி நின்றது. பின்னாலேயே வந்த விஸ்கியில் பாதி மேசை மேல் கொட்டியது; மீதி உணவுக்குழாயை விட்டுவிட்டு மூச்சுக்குழாயைத் தேர்ந்தெடுத்தது.

எனக்குப் புரையேறினால் எங்கள் குடியிருப்பின் நான்கு மாடிக்கும் கேட்கும். யாழினி கவுண்டரைச் சுற்றிக்கூட வரவில்லை. கீழே குனிந்து புகுந்து ஓடிவந்து என் உச்சந்தலையில் தட்ட ஆரம்பித்தாள்.

“மாமா, மேல பாருங்க. மாமா, மேல பாருங்க.”

மேலே பார்த்ததால்தான் இந்தக் கதி என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

இருமல் அடங்கியது. தாடிக்காரரின் செல்போன் என்னை நோக்கி நீண்டிருந்தது. தனசேகர் குனிந்து ஐஸ் உருண்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“இன்னாம்மா, யாருக்கு யாரு மாமா?”

“நான் இவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றேன். அந்த நேரத்தில் அவள் ஏப்ரனால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“முன்ன பின்ன தெரியாதவரு மண்டையில இந்தத் தட்டு தட்டுவியாம்மா நீ?”

யாழினி நிமிர்ந்து, “என் மாமனார் சார்” என்றாள்.

தனசேகர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அப்போ ரிவியூவை ஊட்லயே எய்தி முடிச்சிட்டீங்கோ. நான்தான் ஒண்ணும் தெரியாம ஏழு தட்டு வச்சிகினு நிக்கிறேன்” என்றார். பிறகு அவளிடம், இந்தப் பெண் திறமையால் வருகிறாள் என்று நினைத்திருந்ததாகவும், பெங்களூர் ஆளையே கூப்பிட்டுவிடுவதாகவும் சொன்னார். அந்த ஆறு மாதமும், விட்டுவிட்டு வந்த வேலையும் என் நெற்றி வீக்கத்தில் கரைந்துகொண்டிருந்தன.

ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் இது. நான் எழுந்து நின்று, குற்றச்சாட்டை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தருவோம் என்றேன்.

“மாமா, உட்காருங்க” என்றாள் யாழினி. அந்தக் குரலை அவள் என் மகனிடம் பயன்படுத்திக் கேட்டிருக்கிறேன். உட்கார்ந்தேன்.

மேசையில் விஸ்கியில் ஊறிக்கொண்டிருந்த என் நோட்டை அப்போதுதான் தனசேகர் எடுத்தார். எவ்வளவு புகழ்ந்திருக்கிறேன் என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்திருப்பார். மை கரைந்திருந்ததால் கண்ணருகே வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வடைக்கு ஆறு. ரசத்துக்கு ஆறு. ஜின்னு... நாலு. ‘கல்யாண வாசல்ல தெளிச்ச’... ரம்மு அஞ்சு. இந்த நாலும் அஞ்சும் யாருக்குய்யா?”

“அவளுக்குத்தான்” என்றேன்.

அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஊட்ல எதுனா சண்டையா?”

இல்லை என்று சொல்லி, கழித்த கணக்கை விளக்கினேன். விளக்கும்போதே அது நான் நினைத்த அளவுக்கு அழகாக இல்லை என்று தெரிந்தது. யாழினி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

“ரம் நிஜத்துல எவ்வளவு மாமா?”

“எட்டு.”

“எட்டுல மூணைக் கழிச்சீங்களா? எந்த விதிப்படி?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விதி எண் இல்லாமல் போனது வாழ்க்கையில் அன்றுதான். அந்தக் கருப்பட்டிக்காக அவள் ஒரு மாதம் எங்கள் அடுப்படியில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தவறு என்னுடையது, எட்டுதான் சரி என்று சொன்னேன். தேவைப்பட்டால் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் இடுவதாகவும் சொன்னேன்.

முதலில் சிரித்தது அந்த அம்மையார். ரம்முக்குத் தானும் எட்டுதான் போட்டிருப்பதாகத் தன் நோட்டைக் காட்டினார். தனசேகர் உடனே சிரித்துவிடவில்லை. அந்த விஸ்கியை இன்னொரு முறை கலக்கச் சொன்னார். யாழினி கவுண்டருக்குப் போய்க் கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். அளவு தப்பவில்லை. அவர் நின்றபடியே மெதுவாகக் குடித்தார். உதடு வைத்துத்தான்.

“நல்லாத்தான் கீது” என்றார். “பெரியவரு அத்த மூஞ்சில ஊத்திகினா நீ இன்னா பண்ணுவ.” கோப்பையை வைத்துவிட்டுக் கவுண்டரைப் பார்த்தார். “மாட்டிக்குவோம்னு தெரிஞ்சே அதும் அடியில பூந்து வந்த பாரு. அந்தப் பெங்களூர்காரன் பத்து பேரு இருமினாலும் உள்ளயே நிப்பான். நாளைக்கு வந்து லெட்டர் வாங்கிக்கோ.”

நியமன ஆணை ஆறு மாதம் நிறைவடைந்த தேதியிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். யாழினி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிச்சம் ஐந்து சுற்றையும் நெற்றியில் ஐஸ் துணியோடு சாப்பிட்டேன். எல்லாம் நன்றாக இருந்தன. விமர்சனம் எழுதவில்லை. ‘விமர்சகர் தம் நெற்றியின் காரணமாக விலகிக்கொள்கிறார்’ என்று பத்திரிகைக்குக் கடிதம் கொடுத்தேன். தாடிக்காரரின் காணொளியை ஆவடியில் பார்க்காதவர் இல்லை. அவருக்கு அதற்குப் பிறகு நல்ல வளர்ச்சி என்று கேள்வி.

யாழினி என்னோடு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் காலை நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு, “எட்டு. சொந்தக்காரர்ங்கிறதால அஞ்சு” என்றாள். அதோடு சமாதானம். ஆனால் அந்தக் கழித்தல் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. மகன் ஆறு மணிக்கு வருகிறேன் என்றால், மூன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்று கேட்கிறார்கள். மருத்துவர் என் சர்க்கரை அளவைச் சொன்னபோதுகூட, வீட்டு வழக்கப்படி பார்த்தால் பரவாயில்லை என்றாள் சாரதா.

நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. யாழினிதான் இப்போது அங்கே பார் மேலாளர். போன மாதம் என் பிறந்தநாளுக்கு எங்களை அங்கே சாப்பிடக் கூப்பிட்டாள். பட்டியலில் அந்தப் புகை விஸ்கிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘அண்ணாந்து குடிக்க வேண்டாம்.’ பக்கத்து மேசைக்காரர் அது என்ன என்று பரிமாறுபவரிடம் விசாரித்தார். என்னைத் தெரியாத அந்தப் பரிமாறுபவர் உற்சாகமாகச் சொன்னார்: முன்பு ஒரு பெரிய அதிகாரி வந்தாராம், ஐஸ் விழுந்து மண்டை உடைந்துவிட்டதாம், நெற்றியில் ஆறு தையலாம்.

ஆவணத்தில் பிழை இருந்தால் என்னால் பொறுக்க முடியாது. தையலே போடவில்லை என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் சாரதா பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த மேசைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“நீங்க மூணு கழிச்சுக்குங்க.”